கிணற்றுத் தண்ணீரும் கண்ணில் இடும் லென்ஸும்

லென்ஸ் என்ற சொல் எமது வீடுகளுக்குப் புதியதல்ல. கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அப்பாவைப் பற்றியோ அம்மம்மாவைப் பற்றியோ கேட்டால், "உள்ளுக்கு லென்ஸ் வைத்து அனுப்பிவிட்டார்கள்" என்கிறோம். அந்த லென்ஸ் கண்ணின் உள்ளே வைக்கப்படுவது. வைத்தபின் அது அங்கேயே இருக்கும். அதைக் கழற்றுவதுமில்லை, கழுவுவதுமில்லை.

இக்கட்டுரை வேறொரு லென்ஸைப் பற்றியது. கொன்டாக்ட் லென்ஸ் எனப்படும் இது கண்ணின் மேற்பரப்பில் கண்ணீரின் மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கும் மெல்லிய, சிறிய கிண்ணம் போன்றது. பாடப்புத்தகங்களில் தொடுவில்லை என்பார்கள். காலையில் இட்டு, இரவில் கழற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் சிலர், "அப்பா லென்ஸோடுதானே முழுகுகிறார், லென்ஸோடுதானே படுக்கிறார், எனக்கு மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, கண்ணின் முன்பக்கத்தைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

கறுப்பு மணிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. அதற்கு விழிவெண்படலம் என்று பெயர். அது வெண்மையானதல்ல, தெளிந்த நீர் போன்றது. பெயர் ஏன் அப்படி அமைந்ததோ! அது தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதில் இரத்தக் குழாய்கள் இல்லாமையே. இரத்தக் குழாய் இல்லாத இடத்துக்கு ஒட்சிசன் எங்கிருந்து வரும்? பெரும்பகுதி வெளிக் காற்றிலிருந்து, கண்ணீரில் கரைந்து வருகிறது. நாம் கண்ணை மூடித் தூங்கும்போது அந்த வரவு குறைந்துவிடும். அதற்கு மேல் ஒரு லென்ஸும் மூடிக்கொண்டிருந்தால் படலம் மூச்சுத் திணறும், அதன் மேல்தோல் நலியும், கிருமிகள் உள்ளே நுழைய வழி பிறக்கும். 2008இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், மென்மையான லென்ஸைப் பகலில் மட்டும் அணிந்தவர்களில் பத்தாயிரம் பேருக்கு ஆண்டொன்றில் சுமார் 2 பேருக்கே கிருமிப்புண் வந்தது. இரவிலும் கழற்றாமல் தூங்கியவர்களில் சுமார் 20 பேருக்கு வந்தது. அதாவது பத்து மடங்கு. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் தூங்குவதும் தூக்கம்தான். ஏறுமுன் கழற்றிவிடுங்கள்.

ஆகவே மேலே இடும் லென்ஸ் நல்லதொரு கருவி. ஆனால் அது வெளியிலிருந்து வரும் விருந்தாளி. விருந்தாளியோடு என்னென்ன கூட வருகிறது என்று பார்க்க வேண்டியது எமது கடமை.

இது யாருக்குத் தேவை?

வன்னியில் இது பணக்காரப் பொருள் என்று தள்ளிவிட முடியாது. கண்ணாடியால் சரிசெய்ய முடியாத சில குறைகள் உண்டு. சிலருக்கு விழிவெண்படலம் இளவயதிலேயே மெலிந்து, கூம்பு போல முன்தள்ளிவிடும். அவர்களுக்குக் கடினமான வகை லென்ஸே தெளிந்த பார்வை தரும். ஷெல் துண்டோ கல்லோ முள்ளோ பட்டு ஒரு கண்ணின் இயற்கை வில்லையை இழந்து, உள்ளே செயற்கை லென்ஸ் வைக்கவும் இயலாமற் போனவர்கள் இருக்கிறார்கள். அக்கண்ணுக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி கொடுத்தால் பொருட்கள் மற்றக் கண்ணில் தெரிவதைவிட ஏறத்தாழக் காற்பங்கு பெரிதாகத் தெரியும். மூளையால் இரண்டு உருவங்களையும் ஒன்றாக்க முடியாது. கொன்டாக்ட் லென்ஸ் அந்த வித்தியாசத்தைப் பெருமளவு குறைக்கிறது. இத்தகையவர்களுக்கு, முக்கியமாகப் பார்வை வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, லென்ஸ் அலங்காரமல்ல.

மற்றவர்கள் கிட்டப்பார்வைக்காக அணிபவர்கள்: பல்கலைக்கழகம் போன பிள்ளைகள், ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பெட்டியைப் பயன்படுத்துபவர்கள். இவர்கள் விரும்பினால் அணியலாம். ஆனால் ஒரு கணக்கை முதலில் பார்க்கட்டும். லென்ஸின் விலையோடு செலவு முடிவதில்லை. லென்ஸ் திரவத்தை மாதாமாதம் வாங்க வேண்டும், சிமிழை மாற்ற வேண்டும், குறித்த காலத்தில் லென்ஸையே மாற்ற வேண்டும். இவற்றை இடைவிடாமல் வாங்க முடியாத வீட்டில் மூக்குக்கண்ணாடியே போதும் என்பது எனது கருத்து. காசு போதாத மாதத்தில் திரவத்தை மிச்சம் பிடிக்கும்போதுதான் கண்ணுக்கு ஆபத்து வருகிறது.

தண்ணீர் ஏன் ஆகாது?

இங்கேதான் எங்களுடைய நல்ல பழக்கமே எங்களுக்கு எதிராக நிற்கிறது. கமக்காரக் குடும்பத்தில் சுத்தம் என்றால் தண்ணீர். கையில் சேறா, கழுவு. கண்ணில் தூசா, கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவு. பிள்ளைக்கு இப்படித்தான் சொல்லி வளர்க்கிறோம். லென்ஸ் விடயத்தில் மட்டும் இது தலைகீழ். லென்ஸிலோ அதன் சிமிழிலோ ஒரு துளி தண்ணீரும் படக்கூடாது. கிணற்றுத் தண்ணீர், குழாய்க் கிணற்றுத் தண்ணீர், பவுசர் தண்ணீர், போத்தல் தண்ணீர், மழைத் தண்ணீர், இளநீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

காரணம் அகந்தமீபா என்னும் ஓர் உயிரி. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒருகல உயிரி மண்ணிலும் கிணற்றிலும் குளத்திலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்கிறது. பக்ரீரியாக்களைத் தின்று பிழைக்கும். சூழல் கெட்டுப்போனால் இரட்டைச் சுவர் கொண்ட ஓட்டுக்குள் சுருண்டு படுத்துவிடும். குடிதண்ணீருக்கு இடும் அளவு குளோரீன் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் குளோரீன் மணம் மறந்திருக்காது. அந்தக் குளோரீன் வயிற்றோட்டத்திலிருந்து காப்பாற்றியது, ஆனால் லென்ஸ் கழுவ அது போதாது.

அப்படியானால் இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் தலைமுறை தலைமுறையாக முழுகியவர்களுக்கு ஏன் ஒன்றும் வரவில்லை? இமை கொட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணீர் அந்த உயிரியைக் கழுவித் தள்ளிவிடுகிறது. காயமில்லாத மேல்தோலும் அதை உள்ளே விடுவதில்லை. லென்ஸ் இருந்தால் நிலைமை வேறு. உயிரி லென்ஸில் ஒட்டிக்கொள்கிறது, மணிக்கணக்காகக் கண்ணோடு அழுந்திக் கிடக்கிறது, லென்ஸ் உரசிய நுண்ணிய கீறல்கள் அதற்குக் கதவாகின்றன. புண் வந்தால் வலி கடுமையாக இருக்கும். தொடக்கத்தில் இரவு பகலாக மணிக்கொரு முறை மருந்து விட வேண்டியிருக்கும், சிகிச்சை பல மாதங்கள் நீளும். அதன் பின்னும் வெள்ளை வடு தங்கினால் இன்னொருவர் தானமாகக் கொடுத்த படலத்தை வைத்துத் தைக்க வேண்டிவரலாம். (இத்தானத்தில் எமது நாட்டுக்குப் பெரிய பெயர் உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடக்கிய கண் தானச் சங்கம் இலங்கையருக்கு மட்டுமன்றிப் பல வெளிநாடுகளுக்கும் படலங்களை அனுப்பியிருக்கிறது.)

அமெரிக்காவில் இந்நோய் முதலில் அறியப்பட்டது 1973இல், ரெக்சாஸ் மாநிலத்தில் கண்ணில் காயம்பட்ட ஒரு பண்ணைக்காரரிடம். லென்ஸுக்கும் அதற்கும் அப்போது தொடர்பிருக்கவில்லை. 1980களின் நடுப்பகுதியில் லென்ஸ் அணிபவர்களிடம் அது திடீரெனக் கூடியது. ஆராய்ந்து பார்த்தபோது, அவர்களில் பலர் உப்பு மாத்திரையை வடிநீரில் கரைத்து வீட்டிலேயே உப்புநீர் தயாரித்து லென்ஸை அதில் போட்டவர்கள் என்று தெரிந்தது. லென்ஸோடு நீந்தியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

"கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர்?" என்று கேட்பீர்கள். கொதிநீர் கிருமியைக் கொல்லும், உண்மை. ஆனால் ஆறும்போதே காற்றிலிருந்தும் கையிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் புதிய கிருமி சேர்ந்துவிடும். அவற்றைத் தடுக்க அதில் மருந்தில்லை. உப்பின் அளவும் கண்ணீரோடு ஒத்துப்போகாது, லென்ஸ் ஊதி வடிவம் மாறும். வைத்தியசாலைச் சேலைனும் இப்படித்தான்: அலசப் பயன்படலாம், கிருமி நீக்காது. எச்சில் பூசி இடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

சிமிழில் மிஞ்சிய திரவம்

கடையில் வாங்கிய திரவம் என்பதால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. 2005, 2006இல் சிங்கப்பூரிலும் ஹொங்கொங்கிலும் பிறகு அமெரிக்காவிலும் லென்ஸ் அணிந்தவர்களின் கண்களில் பங்கசுப் புண் பெருகியது. பியூசேரியம் என்ற அந்தப் பங்கசு மண்ணிலும் பயிரிலும் வாழ்வது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதிசெய்யப்பட்டது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குப் படலமாற்றுச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. பலரும் பயன்படுத்தியிருந்த ஒரு குறிப்பிட்ட திரவத்தை அதன் உற்பத்தியாளர் 2006 மே மாதம் உலகம் முழுவதும் சந்தையிலிருந்து மீளப்பெற்றார். திரவத்தில் குறை இருந்தது. கூடவே, நேற்றைய திரவத்தை ஊற்றாமல் அதன் மேல் கொஞ்சம் புதியதை விட்டு நிரப்பும் பழக்கமும் நோய்க்கு உதவியதாகக் கண்டார்கள். பழைய குழம்பில் புதுக் குழம்பை ஊற்றினால் இரண்டும் பழுதாவது எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் தெரியும்.

எனவே காலையில் லென்ஸை எடுத்ததும் சிமிழிலுள்ளதை முழுவதும் ஊற்றிவிடுங்கள். சிமிழையும் திரவத்தாலேயே அலசி, சுத்தமான ரிஸ்யூவால் துடைத்து, மூடிகளைத் திறந்து கவிழ்த்து உலர விடுங்கள். கிணற்றடியிலோ குளியலறையிலோ வைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கொரு முறையாவது சிமிழை எறிந்து புதியது எடுங்கள். திரவப் போத்தலைத் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதி, போத்தலில் அச்சிட்ட காலம் கடந்ததும் மிச்சம் இருந்தாலும் ஊற்றிவிடுங்கள். பயணத்துக்கென்று சிறு போத்தலில் பிரித்து ஊற்றுவது, வாயைக் கையால் தொடுவது, தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் வைப்பது இவையெல்லாம் திரவத்தைக் கெடுக்கும்.

லென்ஸைத் தொடுமுன் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும். இதற்குக் கிணற்றுத் தண்ணீர் தாராளமாக ஆகும். ஆனால் ஈரக் கையோடு லென்ஸைத் தொட்டால் கழுவியதன் பயன் போய்விடும். தும்பு விடாத சுத்தமான துணியில் விரல் நுனிவரை துடையுங்கள். பிறகு லென்ஸை உள்ளங்கையில் வைத்து, திரவம் விட்டு, விரலால் இரு பக்கமும் மெல்லத் தேயுங்கள். தேய்க்கத் தேவையில்லை என்று போத்தலில் எழுதியிருந்தாலும் தேய்ப்பது நல்லது. மீண்டும் திரவத்தால் அலசிச் சிமிழில் இடுங்கள். எப்போதும் வலக் கண்ணில் தொடங்கினால் இடம் வலம் மாறாது. விரல் நுனியில் வைத்துப் பார்க்கையில் கிண்ணம் போல நின்றால் சரி, விளிம்பு தட்டுப் போல வெளியே விரிந்தால் உட்புறம் வெளியாகிவிட்டது. ஒரு நாள் வகை லென்ஸ் மாலையில் குப்பைக்குப் போக வேண்டியது. மாத வகை என்றால் பெட்டி திறந்த நாளிலிருந்து ஒரு மாதம், முப்பது தடவை அணிவது என்று அர்த்தமல்ல.

முழுக்கு, முகம் கழுவல், குளம், கடல் எல்லாவற்றுக்கும் முன் கழற்றுங்கள்.

வயலிலும் விழாவிலும்

வயல் வேலைக்கு லென்ஸ் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. காலபோக அறுவடையில் பறக்கும் பதரும் தூசும் லென்ஸுக்கு அடியில் புகுந்தால் இமை கொட்டும்போதெல்லாம் அரத்தால் அராவியது போலிருக்கும். மிளகாய் பிடுங்கிய கை, சவர்க்காரம் போட்ட பிறகும் லென்ஸில் காரத்தை ஏற்றும். லென்ஸ் கண்ணைக் காக்கும் கவசம் அல்ல. மூக்குக்கண்ணாடி ஓரளவேனும் கவசம்.

வயலில் படும் சிறு கீறல் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு மதுரை சாட்சி. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994 ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்றே மாதங்களில் விழிவெண்படலப் புண்ணோடு 434 பேர் வந்தார்கள். அவர்களில் 284 பேர் முதலில் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி வளர்த்துப் பார்த்துக் கண்டறிய முடிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பங்கசு இருந்தது. லென்ஸ் இல்லாத கண்ணுக்கே நெற்தாளால் இது நேர்கிறதென்றால், லென்ஸ் கிடக்கும் கண்ணைச் சொல்லத் தேவையில்லை. மறுபக்கம், நேபாளத்தின் பக்தபூரில் சுகாதாரத் தொண்டர்கள் கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு உடனே அன்ரிபயோட்டிக் களிம்பு பூசினார்கள். 2001இல் வெளியான அவர்களுடைய அறிக்கைப்படி, 18 மணித்தியாலத்துக்குள் களிம்பு தொடங்கிய ஒருவருக்கும் புண் வரவில்லை. கண்ணில் நெல் பட்டால் "நாளைக்குப் பார்ப்போம்" என்பது எவ்வளவு விலை உயர்ந்த சொல் என்று இதில் தெரிகிறது.

தண்ணீர் ஆகாது என்ற விதிக்கு ஒரேயொரு விலக்கு. கிருமிநாசினி, களைநாசினி, அசிட், சுண்ணாம்பு போன்றவை கண்ணில் தெறித்தால், லென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கணமே கிடைக்கும் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவத் தொடங்குங்கள். இருபது நிமிடமாவது விடாமல் ஊற்ற வேண்டும். கழுவிக்கொண்டே லென்ஸை எடுத்து எறிந்துவிடுங்கள். அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம். பின்னர் மருந்துப் போத்தலையும் கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

கல்யாண வீட்டிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் பிள்ளையின் கண்ணுக்குப் பச்சை, நீலம் என்று நிற லென்ஸ் இடுவதும் உண்டு. "ஒரு நாளைக்குத்தானே, படம் வடிவாக வரும்" என்பார்கள். யாருடைய கண்ணையும் அளந்து செய்யாத லென்ஸ் அது. ஒருவர் அணிந்ததை அடுத்தவருக்கு இட்டால் கிருமியும் கைமாறும். நாள் முழுக்க விழா, மாலையில் களைப்போடு லென்ஸுடனேயே தூக்கம். ஒரு கண் போக இவ்வளவு போதும். அமெரிக்காவில் 2005 முதல் நிற லென்ஸையும் மருத்துவச் சாதனமாகவே சட்டம் கருதுகிறது. கண் பரிசோதகரின் சீட்டில்லாமல் விற்க முடியாது. அலங்காரம் செய்பவர் கேட்டால் வேண்டாம் என்று தாயார் சொல்லிவிடலாம். எமது பிள்ளைகளின் கறுத்த விழிக்கு என்ன குறை?

மீண்டும் எழும்பி நடக்க வேண்டி வந்தால்

இடம்பெயர்வு என்பது எமக்குப் போரோடு முடிந்த கதையல்ல. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடும்பங்கள் மறுபடியும் பாடசாலைகளில் தங்கின. சவர்க்காரமும் உலர்ந்த துணியும் திரவமும் இல்லாத இடத்தில் லென்ஸ் அணியக் கூடாது. இரண்டு நாளைக்குக் கழற்றாமல் விடுவதை விட, கழற்றி எறிந்துவிட்டு மங்கலாகப் பார்ப்பது மேல். ஆகையால் லென்ஸ் அணியும் எவரும் சரியான பவரில் ஒரு மூக்குக்கண்ணாடி வைத்திருக்கவே வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று ஒரு பையில் கட்டி வைத்திருப்போமே, அந்தப் பைக்குள் அந்தக் கண்ணாடியையும் கண் பரிசோதனைச் சீட்டின் பிரதியொன்றையும் வையுங்கள்.

கண் சிவந்தால்

சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், மங்கல், பீளை, கறுப்பு மணியில் வெள்ளைப் புள்ளி இவற்றில் ஒன்று கண்டாலும் முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். கழற்றியபின் சுகமானது போலிருந்தாலும் மறுபடி இட வேண்டாம். சில பக்ரீரியாக்கள் ஓரிரு நாளிலேயே படலத்தை அரித்துத் துளைத்துவிடும். எனவே கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், மூடிய சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். பாமசியில் "சிவந்த கண்ணுக்கு" என்று கேட்டு வாங்கும் துளிமருந்து சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். அது சிவப்பை மறைக்கும், உள்ளே பங்கசையும் அமீபாவையும் வளர்க்கும்.

வெளிநோயாளர் பிரிவில் சீட்டு எழுதும்போதே "நான் கொன்டாக்ட் லென்ஸ் அணிகிறேன்" என்று சொல்லுங்கள். சாதாரண கண்ணோயென்று நினைத்து அனுப்பாமல் கண் வைத்தியரிடம் காட்ட அந்த ஒரு வசனம் உதவும். கழற்றிய லென்ஸை எறியாமல், சிமிழையும் திரவப் போத்தலையும் அப்படியே கழுவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்ணைச் சுரண்டிப் பார்த்தும் பிடிபடாத வேளையில், அந்தச் சிமிழின் அடியில் கிடக்கும் துளியில் அது அகப்படலாம்.